விலாசம் இல்லாத ஏழு அட்டைகள்

அந்த ஓட்டலின் மூன்றாம் மாடியில் அன்று காலை ஒருவருக்கும் அவரவர் கேட்ட சாப்பாடு வந்து சேரவில்லை. ஆம்லெட் கேட்டவருக்கு ஓட்ஸ் கஞ்சி வந்தது. கஞ்சி கேட்ட வயிற்றுப்புண்காரிக்கு மிளகுத்தூள் தூவிய முட்டை வந்தது. சர்க்கரை நோய்க்காரர் ஒருவரின் அறைக்கு ஜாம் தடவிய ரொட்டியும் இனிப்புக் காப்பியும் போக, அவர் மறுபேச்சு பேசாமல் தட்டைக் காலி செய்துவிட்டார். அவர் மனைவி சண்டைக்கு வந்தபோதுதான் விஷயமே வெளியே தெரிந்தது. ஏழு அறை, ஏழு தட்டு, ஏழும் தப்பு. வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்திருந்தால்கூட ஒன்றிரண்டு கைதவறிச் சரியாகப் போயிருக்கும்.

எட்டாவது அறையில் டீச்சரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, வேலையை முடித்த மனிதனின் திருப்தியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு இருந்துது டீச்சர். ஒண்ணுலகூட விலாசம் எழுதல. என்ன ஜனங்களோ. எல்லாத்தையும் பாத்துப் பாத்து அந்தந்த வீட்ல சேத்துட்டேன்" என்றார்.

டீச்சரம்மா எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

கட்டிய மனைவியை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குத் தபால் கொண்டுவந்த காலத்துப் பழக்கம். முப்பத்துநாலு வருஷம் தபால்காரர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி, யார் வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்றான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊருக்கே வழி சொன்ன மனிதருக்கு இரண்டு வருஷமாகச் சொந்த வீட்டுக் குளியலறைக்கே வழி தெரிவதில்லை. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். டீச்சரம்மா அந்தப் பெயரை வாயில் வைப்பதில்லை. கணக்கு டீச்சர், விடை தெரியாத கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பழக்கமில்லை.

மறுநாள் அவர்களுடைய ஒரே மகளுக்கு அந்த ஊரில் கல்யாணம். மகள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அப்பா என்றால் உயிர். ஆனால் அப்பா கூட்டத்தில் மிரண்டுபோய் எழுந்து நடந்துவிட்டால் என்ன செய்வது, நாலு பேர் பார்த்து ஒரு மாதிரி சிரித்தால் எப்படித் தாங்குவது என்று நினைத்து நினைத்தே அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை வைத்துவிடலாம், கல்யாணத்தன்று அப்பா ஓட்டல் அறையிலேயே இருக்கட்டும் என்றாள். டீச்சரம்மா ஒப்பவில்லை. முன்கூட்டியே வந்து தங்குகிறோம், கல்யாணத்துக்குள் அவரால் ஒரே ஒரு சிக்கல் வந்தாலும் நீ சொன்னபடி செய்துகொள் என்று பந்தயம் கட்டிவிட்டார். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ரயில் ஏறினார். வந்து பார்த்தால் அந்த மாடியில் மற்ற ஏழு அறைகளிலும் மாப்பிள்ளை வீட்டார்.

ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் என்ன வேண்டும் என்று ஓர் அட்டையில் குறித்து, இரவு படுக்கப் போகுமுன் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். அட்டையில் அறை எண் எழுத இடம் கிடையாது. காலை ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து வருகிறவர் கதவைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு எடுத்துப்போவார். பல வருஷமாக இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. வாசல்தோறும் விலாசம் இல்லாத கடிதம் தொங்குவதைப் பொறுக்காத ஒரு தபால்காரர் அதுவரை அங்கே தங்கியதில்லை, அவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்கு டீச்சரம்மா குளிக்கப் போன இருபது நிமிஷத்தில் காரியம் நடந்துவிட்டது. எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் விளக்கமாகவே சொன்னார். சர்க்கரை இல்லாத காப்பி என்றால் டாக்டர் வீடு, மூன்றாம் எண். இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் வக்கீல், ஐந்தாம் எண். கஞ்சி கேட்பது நாலாம் எண் பெரியவர், பல் கிடையாது. அவர் வழக்கமாகப் பட்டுவாடா செய்யும் பழைய தெருவையே, தபால்காரர் பாஷையில் சொன்னால் தன் பீட்டையே, அந்த மாடியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். மனிதர்கள்தான் வேறு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்றுதான் டீச்சரம்மா முதலில் யோசித்தார். பிறகு, சமையலறை ஆளை யாரோ திட்டும் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது. தன் வீட்டுத் தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கணவருக்கு டிவி போட்டுவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு இறங்கினார்.

மானேஜரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஏழு அறைக்கும் தானே ஏறி இறங்கி, தப்பு எங்களுடையது என்று சொல்லி, புதிதாகச் சாப்பாடு அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் தன் முன்னால் இப்படி நின்றது நினைவுக்கு வந்து, அத்தனை பேரிடமும் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மானேஜரம்மா பரிதாபப்படவில்லை. உட்காரச் சொல்லி, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த அட்டை எந்தக் கதவுக்குப் போனது, எண்ணைப் பார்த்துப் படிக்கிறாரா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, வேலையில் இருந்தபோது எத்தனை மணிக்குக் கிளம்புவார். மூன்றாம் எண் டாக்டர் கதையைக் கேட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப தப்பு எங்க மேலதாம்மா. விலாசம் இல்லாத தபால வாசல்ல தொங்கவிட்டா எந்தத் தபால்காரர் சும்மா இருப்பார்? இன்னிக்கு எல்லா அட்டையிலயும் நான் நம்பர் எழுதிடறேன். நாளைக்குக் காலையில அத எடுக்கிற வேலைய அவருக்கே குடுங்க. கூட நான் நடக்கிறேன்."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்களக் கேலி பண்றீங்களா?"

"கேலி இல்லம்மா. தங்க வந்தவங்களுக்குத் தூக்கம் வரலன்னா தலகாணி மாத்தித் தரேன். குளிருதுன்னா கம்பளி தரேன். இவருக்கு வேலை வேணும். அது எங்கிட்ட இருக்கு."

டீச்சரம்மாவின் கோபம் இறங்கியது. மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். என் வாயிலிருந்து வராது என்றார் மானேஜரம்மா.

அவர் வாயிலிருந்து வரவும் இல்லை. ஆனால் உலகத்தில் வேறு வாய்கள் இருக்கின்றனவே. மாப்பிள்ளையின் பெரியம்மா விடியற்காலையில் கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பெரியம்மா மாப்பிள்ளையிடம் சொல்ல, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மகளிடம் சொல்லியிருந்தார். மகள் சிரிக்கவில்லை. மத்தியானம் போன் செய்தாள்.

"சண்டை போட என்னால முடியாதும்மா. நீயே சொன்னதுதானே. நாளைக்கு ஒம்பது மணிக்கு நர்ஸ் வருவாங்க. மண்டபத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னால நானும் வந்து அப்பாவப் பாத்துட்டுப் போறேன்."

பந்தயம் கட்டியது டீச்சரம்மாதான். கணக்கில் தோற்ற பிறகு விடையை அழித்து எழுதுகிற ஜாதி அவர் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் நின்று அழுதார். கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் சட்டை கணவரின் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மானேஜரம்மா நின்றுகொண்டிருந்தார். நான்தான் இங்கே பொறுப்பில் இருக்கிறேன், கிளம்பலாமா சார் என்று தபால்காரரைக் கேட்டார். புதிதாக மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டரம்மா என்று அவர் முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். ஒரு நிமிஷம் என்று உள்ளே போனவர் பெட்டியைத் திறந்து புதுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். தடுக்க டீச்சரம்மாவுக்கு மனம் வரவில்லை. எப்படியும் இன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ள வேறு இடம் இல்லையே.

கதவு கதவாகப் போய் அட்டையை எடுத்தார். அட்டையில் எழுதியிருந்த எண்ணையும் கதவின் எண்ணையும் ஒத்துப் பார்த்தார். வரிசை குலையாமல் அடுக்கிக் கொண்டுபோய்ச் சமையலறையில் சேர்த்தார். மானேஜரம்மா இரண்டடி பின்னாலேயே வந்தார். ஒரு தடவைகூடக் கையைப் பிடிக்கவில்லை, இந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு திருப்பத்தில் தபால்காரர் திகைத்து நின்றபோது, மானேஜரம்மா குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நேரம் கொடுத்தார். அவரே யோசித்து, சரியான பக்கம் திரும்பினார்.

எட்டரை மணிக்கு, தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டி மாடிக்கு வந்தபோது, அதற்கு முன்னால் நடந்தவரும் அவர்தான். கதவை இரண்டு தட்டு, ஓரடி பின்வாங்கி நிற்பது, எண்ணைச் சொல்லித் தட்டை நீட்டுவது. டீச்சரம்மா தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகக் கூனிக்கொண்டு வந்த முதுகு நேராக நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திய அதே ஆள்தான். ஒரு கணம் டீச்சரம்மாவுக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு வருஷமாக இவரை உட்கார், உட்கார் என்று சொல்லியே நாற்காலியில் முடக்கிப் போட்டது தான்தானே என்று தன் மேலேயே வந்த கோபம்.

நாலாம் எண்ணில் மாப்பிள்ளையின் பெரியப்பா. முதல் நாள் கஞ்சியைப் பார்த்து ஓட்டலையே இரண்டாக்கியவர். மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஆம்லெட்.

"நேத்து கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார் தலையைச் சொறிந்துகொண்டு.

"நேத்து நான் லீவு சார். வேற யாரையாவது அனுப்பியிருப்பாங்க. புது ஆளுங்க அப்படித்தான், விலாசத்தச் சரியாப் பாக்க மாட்டாங்க."

பெரியப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு, ஆமாம், நம் ஆள் மாதிரி வருமா என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் கேலி இல்லை.

ஏழாவது தட்டும் போய்ச் சேர்ந்தபோது, லிஃப்ட் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் புடவை, முழு அலங்காரம், பின்னால் கைப்பையோடு நர்ஸ். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கண் மை கலைந்திருந்ததைப் பார்த்தால் வெகுநேரம் இருக்கும்.

தபால்காரர் வெறுங்கையோடு அவளை நோக்கி நடந்தார். எதிரே வந்து நின்று, முகத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கு மகளைத் தெரியவில்லை. இத்தனை அலங்காரத்தில், இந்த வெளிச்சத்தில், தெரியவே இல்லை.

"உங்க பேர்ல இன்னிக்கு ஒண்ணும் வரலியேம்மா. எந்த நம்பர் வீடு?"

நான்தான்பா என்று அவள் சொல்லியிருக்கலாம். டீச்சரம்மா வாய் திறக்கப் போனார். பின்னால் நின்ற மானேஜரம்மா மெல்ல அவர் தோளைத் தொட்டார்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் இன்னிக்கு வீடு மாறுறேன்பா."

"அப்படியா? அப்ப புது விலாசத்த எழுதிக் குடுத்துடும்மா. நெறைய பேர் மறந்துடறாங்க. அப்புறம் நாங்க பழைய வீட்டு வாசல்லயே போய் நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருப்போம். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

அவள் அழுதுவிட்டாள். கல்யாணப்பெண் அழக் கூடாது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலாம் எண் பெரியப்பா ஆம்லெட் தட்டோடு வாசலில் அப்படியே நின்றார்.

"எழுதிக் குடுத்தா தொலைஞ்சு போயிடும்பா" என்றாள் மகள். அவர் கையைப் பிடித்து, புதுச் சட்டையின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள். "நீங்களே கூட வந்து வீட்டப் பாத்து வச்சுக்குங்க."

தபால்காரர் யோசித்தார். கிளம்பலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரி மானேஜரம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

"டீச்சர், செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பு" என்றார் மனைவியிடம். "நம்ம பீட்டுல புது வீடு ஒண்ணு சேந்திருக்கு."