மெசேஜ் போன நம்பர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆரோக்கியராஜ் துண்டைச் சும்மாடு சுற்றிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். சக்கரம் வைத்த புதுப் பெட்டி. அந்தச் சேற்றில் சக்கரம் ஓடவில்லை. பின்னால் அவன் பெண்டாட்டி சவுரியம்மாள் இரண்டு பைகளோடு வந்தாள். ஒன்றில் வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை, இன்னொன்றில் கருவாடு. கிளியனூரில் அவர்கள் தெருக்காரர்கள், மஸ்கட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பியவை.

காலையில் புருஷனை ஏற்றிவிடச் சென்னைக்குப் போனவள், சாயந்தரம் அவனோடேயே திரும்பி வந்திருந்தாள். விமானம் ரத்து. அடுத்தது வியாழக்கிழமை. விசாவோ நாளை, புதன்கிழமையோடு முடிகிறது. அதற்குள் மஸ்கட்டில் கால் வைக்காவிட்டால் அந்தத் தாளில் மல்லாட்டை மடிக்கலாம்.

ஏஜெண்ட் கோதண்டபாணியின் ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆரோக்கியம், போவலியா?"

"பிளேன் கேன்சல்ணா. நேத்து காலையிலயே மெசேஜ் அனுப்பிட்டாங்களாம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

கோதண்டபாணி டம்ளரை வைத்துவிட்டு செல்போனை எடுத்தார். "பாட்டு வச்சிக்கோன்றான், லோன் வாங்கிக்கோன்றான். ஒரு நாளைக்கு அம்பது வருது. இதுல எதைன்னு பாக்கறது?" என்று சொல்லிக்கொண்டே மெசேஜ்களைத் தள்ளினார். விரல் ஓரிடத்தில் நின்றது. உதட்டை அசைத்து இங்கிலீஷைப் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வந்துதான் கீது."

டிக்கெட் போட்ட அன்றைக்கு நம்பர் கேட்டவர் அவர்தான். எந்தக் கம்பெனி காசில்லாமல் பேச விடுகிறதோ அந்த சிம்முக்கு மாறிக்கொண்டிருந்தவன் ஆரோக்கியராஜ். சென்ட்ரிங் வேலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். "எந்நம்பர் நிலையா நிக்காதுணா. உங்க நம்பரையே போடுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க, ஓடியாந்துர்றேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன் சொல்லாவிட்டாலும் அவர் தன் நம்பரைத்தான் போட்டிருப்பார். ஆள் நம்பர் வெளியே போனால் வேறு ஏஜெண்ட் இழுத்துக்கொள்வான்.

"மெசேஜ் பாத்து வந்தவங்கள நேத்து சாயந்தரமே வேற பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்களாம்ணா. நானும் வந்திருந்தா இந்நேரம் அங்க இருந்திருப்பேன்."

"நஷ்டஈடு கேட்டியா? சட்டம் கீதே."

"கேட்டேன். கௌண்டர்ல அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசிச்சு. சொல்லாம நிறுத்தியிருந்தா தருவோம் சார், நாங்கதான் சொல்லிட்டமே, டிக்கெட்ல கீற நம்பருக்கு அனுப்பியாச்சுன்னு கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டிச்சு. டிக்கெட் காச திரும்ப வாங்கிக்கோ, இல்ல வியாழக்கிழம ஏறு, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க ஏஜெண்ட கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

கோதண்டபாணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வேற கம்பெனி பிளேன்ல ஒரு சீட்டு கீது."

சவுரியம்மாள் பைகளைக் கீழே வைத்தாள். மாடி ஏறியதிலிருந்து அப்போதுதான் வைத்தாள்.

"ஆனா இது கடைசி நேர ரேட்டு, டபுளு. பழைய காசு திரும்பி வர ஒரு மாசம் ஆவும். அதுவும் எங்கணக்குக்குத்தான் வரும். இப்ப யார் கட்டறது?"

"நீங்க கட்டுங்க" என்றாள் அவள்.

"இன்னாம்மா?"

"மெசேஜ் உங்க போன்ல தூங்கிக்கினு கீது. நாங்க கிளியனூர்ல பெட்டி கட்டிக்கினு இருந்தோம். நீங்க கட்டறதுதான் ஞாயம்."

"சவுரி, சும்மாரு" என்றான் ஆரோக்கியராஜ்.

கோதண்டபாணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலாம் போல இருந்தது. டிராயரை இழுத்து வெற்றிலையை எடுத்தார்.

"ஞாயம் பேசறதுன்னா விழுப்புரத்துல கன்ஸ்யூமர் கோர்ட்டு கீதும்மா. போங்க. யார் மேல கேஸ் போடுவீங்க? பிளேன்காரன் சொல்லிட்டான். அப்ப எம்மேலதான் போடணும். போடறதுன்னா பாஸ்போர்ட்ட எடுத்துக்கினு போய்க்கினே இருங்க, வேணாங்கல. இல்லன்னா வச்சிட்டுப் போங்க. மூணு மாசம், நாலு மாசத்துல வேற விசா வந்தா சொல்லி அனுப்பறேன்."

"இதே கம்பெனி வேலையாணா?"

"உன் வேலைக்கு நாளைக்கே வேற ஆள் ஏத்திடுவான்பா. இனிமே எந்தக் கம்பெனியோ."

பாஸ்போர்ட் ஆரோக்கியராஜின் சட்டைப் பையில் இருந்தது. சவுரியம்மாள் அந்தப் பையையே பார்த்தாள். அவன் கம்பி கட்டிக் காய்ப்பு ஏறிய விரலால் அதை எடுத்தான். வியர்வையில் அட்டை நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்து மேசைமேல் வைத்தான்.

கோதண்டபாணி அதை டிராயரில் போட்டுக்கொண்டார். "ரீஃபண்டு வந்தா கூப்புடறேன். இப்ப உன் நம்பர் இன்னா?"

அவனுக்குச் சொல்ல நம்பர் இல்லை. அங்கே போய் வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று காலையில்தான் போனைப் பெண்டாட்டியிடம் கொடுத்திருந்தான். சவுரியம்மாள் நம்பரைச் சொன்னாள். அவர் அதைக் காலண்டரில் இன்றைய தேதித் தாளில் எழுதினார். நாளைக் காலையில் கிழிபடும் தாள்.

பாண்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை டிரைவர் பக்கம் போட்டான். கருவாட்டுப் பை காலடியில் நாறியது. முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

சவுரியம்மாளின் மடியில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பூமாலை அத்தை. கருவாடு அவள் கொடுத்தது. மகன் சுதாகர் மஸ்கட் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வான் என்று சொல்லியிருந்தாள்.

சவுரியம்மாள் போனைப் புருஷன் கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

அவன் வைத்துக்கொண்டிருந்தான். அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது.

"கிளியனூர் வருது. எறங்கறவங்க முன்ன வாங்க" என்றார் கண்டக்டர்.

சவுரியம்மாள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவன் எழவில்லை. பஸ் நின்றது. ரோட்டோரத்து டீக்கடையில் அவன் தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யோவ், நீ கிளியனூர்தான?" என்றார் கண்டக்டர்.

"பாண்டிக்கு ரெண்டு போட்டுருங்க."

அவர் அவனையும் பெட்டியையும் பார்த்தார். விசில் அடித்தார். சவுரியம்மாள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள்.