ஒரு வீட்டில் மட்டும் காய்க்கும் எலுமிச்சை

சிவந்து கிடக்கிறது தட்டில் தண்ணீர், மாப்பிள்ளை வீட்டு நாச்சம்மா அத்தை அதை இடமும் வலமுமாகச் சுற்றுகிறாள், விளிம்பு வரை வந்து ததும்பி, விழாமல் திரும்புகிறது, என் பக்கத்தில், காலையில் தாலி கட்டிய அவர், தன் வீட்டு வாசலில் மாலையும் கழுத்துமாக நிற்கிறார், கையில் கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழம், வெயில் கண்ணைக் குத்துகிறது, வலது காலை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள், பொறு என்கிறார்கள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை, நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மஞ்சளைக் கரைத்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் வருகிற சிவப்பு, பிறந்ததிலிருந்து எத்தனை வாசலில் பார்த்திருப்பேன், ஒருநாளாவது ஏன் இப்படி என்று கேட்டிருப்பேனா, கேட்டேன், ஒரே ஒருமுறை, அப்பாவிடம், அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், அதெல்லாம் ஒனக்குப் புரியாது.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை இன்னொரு ஆளாகவே குடியிருந்தது, எதற்கு இந்தக் கையெழுத்து என்று அம்மா கேட்டால் போடு, ஒனக்குப் புரியாது, ரேடியோ ஏன் கரகரக்கிறது என்று கேட்டால் ஒனக்குப் புரியாது, பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் இரண்டு முறை கோட்டை விட்டபோது அது நாற்காலி போட்டு உட்கார்ந்தேவிட்டது, சரி போ என்று நான் ஓவியம் படித்தேன், பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன், பூசணிப் பூவின் மஞ்சளுக்கும் செவ்வந்தியின் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை உறக்கத்திலும் சொல்வேன், ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன், நான் வாழப் போகிற வீட்டுக்குள் அந்த வார்த்தை கால் வைக்கக் கூடாது, வைத்தால் எனக்கு அந்த வீடே வேண்டாம், இந்தப் பிடிவாதத்தில் முப்பத்து நாலு வயதும் ஆயிற்று, அம்மா மாரியம்மனுக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை.

அப்போதுதான் இவர் வருகிறார், வத்தலக்குண்டிலிருந்து, திருமூர்த்தி என்று பெயர், ஒல்லியாக, பெரிய மூக்கோடு, பெங்களூரில் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடுகிற வேலை என்று தரகர் சொல்லியிருந்தார், என் தாய்மாமன் சென்றாய மாமாவுக்கு நாகல் நகரில் பூட்டுக்கடை, திண்டுக்கல்காரருக்குப் பூட்டு என்றால் இரும்பும் பித்தளையும்தான், வேறெதுவும் மண்டையில் ஏறாது, மாமா நம்ம இனத்து ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நம்ம பூட்டு எத்தன லீவரு மாப்ள என்று கேட்கிறார், இவரும் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு பிட்டுங்க மாமா என்கிறார், அம்புட்டா என்று மாமா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார், லீவர் கூடக் கூடப் பூட்டுக்குப் பலம், எட்டு லீவர் பூட்டுக்கே ஊரில் பெரிய பேர், அந்த நிமிஷத்திலேயே மாமா மனதில் கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்தாயிற்று. எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள், காய்ந்துகொண்டிருந்த வடகத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நான் கேட்டேன், நெசமா என்ன வேலங்க பாக்குறீங்க, அவர் முகம் மலர்ந்து, பகா எண்கள்னு உண்டுல்லங்க என்று ஆரம்பித்தார், என் முகம் போன போக்கைப் பார்த்தார், நிறுத்தினார், நல்ல மனுஷன், மரியாதையாகத்தான் சொன்னார், விடுங்க, அது ஒங்களுக்குப் புரியாதுங்க.

நான் கீழே இறங்கி வந்து, எனக்கு வேண்டாம் என்றேன், அம்மா சமையலறையில் போய் அழுதாள், மாமா சட்டையைக்கூட மாட்டாமல் தெருவுக்குப் போய்விட்டார், நானும் அழுதேன், ஏனென்றால் அந்த மூக்கு எனக்குப் பிடித்திருந்தது, அதை யாரிடம் சொல்ல. அடுத்த வாரம் நான் மாமா கடையில் இருக்கையில் அங்கேயே போன் வந்தது, மாமா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, ஒன்ட்டத்தான் பேசணுமாம்த்தா என்று நீட்டினார், அந்தப் பக்கம் இவர், ஒங்களுக்குப் புரியாதுன்னு சொன்னது தப்புங்க, எனக்குச் சொல்லத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும், பங்குனி வரைக்கும் டயம் குடுங்க, கணக்கு ஒண்ணுகூட இல்லாம சொல்லப் பாக்குறேன், அப்பவும் புரியலைன்னா நீங்க வேண்டாம்னே சொல்லிருங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். எனக்குத் தெரிந்து ஒரு ஆண்பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான், கடையில் தொங்கின பூட்டெல்லாம் சிரிப்பதுபோல் இருந்தது, சரிங்க என்றேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள், எல்லா ஞாயிறும் கலந்து இப்போது ஒரே ஞாயிறாகிவிட்டது, பூட்டுக்கடையில் ஸ்டூலில் அவர், எண்ணெய் வாசனை, கல்லாவில் தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிற மாமா, முதல் பாடம் சுலபம், ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தை எழுதுவது, நான் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோலம் வரைந்து, கோலத்திலேயே ஒரு பக்கம் எழுதி நீட்டினேன், பிரம்மாவே வந்தாலும் படிக்க முடியாது என்று இறுமாப்பு வேறு, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிட்டார், எப்படிங்க என்றால், அதிகமா வர்ற கோலம் எதுன்னு பாத்தேன், தமிழ்ல ம் அடிக்கடி வரும், அதப் புடிச்சேன், பெறகு ஒண்ணு ஒண்ணா அதுவா அவுந்துருச்சு என்கிறார், சொல்லிவிட்டு மூக்கைத் தடவிக்கொள்கிறார், பக்கத்தின் கடைசியில் நான் எழுதியிருந்தது, உங்கள் மூக்கு அழகாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவர் காது சிவந்துவிட்டது, தூங்குகிற மாமாவின் தொப்பை குலுங்குகிறது.

அடுத்ததில்தான் நான் தட்டுக்கெட்டுப் போனேன், சாவிப் பாடம், பெட்டியில் பண்டத்தை வைத்துப் பூட்டி வத்தலக்குண்டுக்கு அனுப்புகிறேன், வழியில் யாரும் திறக்க முடியாது, சரி, ஆனால் அவர் எப்படித் திறப்பார், சாவியையும் அனுப்புவேன் என்றேன், சாவிய வழியில ஒருத்தன் எடுத்துட்டா என்றார், சாவியை இன்னொரு பெட்டியில் வைத்துப் பூட்டி அனுப்புவேன், அந்தப் பெட்டிக்குச் சாவி என்றார், இரண்டு வாரம் அங்கேயே நின்றேன், பள்ளியில் பிள்ளைகளை மாம்பழம் வரையச் சொல்லிவிட்டு நான் பெட்டி வரைந்துகொண்டிருந்தேன், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி, பழைய குரல் காதுக்குள் வந்து ஒனக்குப் புரியாது என்றது, மாசியும் பாதி போய்விட்டது, அந்த ஞாயிறு அவரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார், புரியலைன்னா பரவால்லங்க என்றார், அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் மேலே கொக்கியில் திறந்து தொங்கின ஒரு பூட்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன், கை எதையாவது செய்யாமல் இருக்காது எனக்கு, அவர் பையின் இரண்டு காதையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, சும்மா அமுக்கினேன், டக்கென்று பூட்டிக்கொண்டது.

ஐயையோ, சாவி எங்க மாமா என்றேன், மாமா பதறி எழுந்து, அது மாதிரிக்கி மாட்டிவச்சதுடி, சாவி வீட்டுல கெடக்கு, மாப்ள டிக்கெட்டு பையிலயா, பையிலதான், பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, மாமா செருப்பைத் தேடுகிறார், நான் பூட்டையே பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மெதுவாகச் சொல்கிறேன், பூட்டுறதுக்குச் சாவியே வேண்டாமேங்க. தொறக்கத்தான வேணும், அப்ப நீங்க ஒங்க பூட்டத் தொறந்தபடி எனக்குக் குடுத்தனுப்பிச்சா போதுமே, எனக்கு மட்டுமா, ஊருக்கே குடுக்கலாமே, எவன் வேணாலும் பெட்டியில போட்டு அமுக்கலாம், பூட்டுனவனாலயே தொறக்க முடியாது, சாவி ஒங்க வீட்ட விட்டு வெளியவே வரல்லியே. திருமூர்த்தி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், அதாங்க, அதான் என் வேலை, அத்தனையும் இதான், என்று கத்தினார், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், செருப்பை ஒரு காலில் மாட்டிய மாமா, நாஞ் சின்னப் பையலா இருக்கையிலருந்து இதத்தான வித்துக்கிட்டு இருக்கேன் என்றார், அந்த பஸ் போயே போய்விட்டது, யாருக்கும் வருத்தமில்லை.

புடவை எடுக்கச் சொல்லியாயிற்று, ஆனால் எனக்குள் ஒன்று மிச்சமிருந்தது, இரும்புப் பூட்டுக்கு உள்ளே வில் இருக்கிறது, இவர் பூட்டுக்குள் என்ன, அதுதான் கணக்குங்க என்பார், ஒரு பக்கம் போறது சுலபம், திரும்பி வர்றது கஷ்டம், ரகசியம் ஒண்ணு தெரிஞ்சவங்க மட்டும் திரும்பி வரலாம், நான் தலையாட்டினேன், தலையாட்டினேனே தவிரப் பிடி கிடைக்கவில்லை, கைக்கு அகப்படாத எதுவும் எனக்குப் புரிந்தது கிடையாது, நேற்று ராத்திரி மண்டபத்தில்கூட அதையேதான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், இதோ இந்த வாசலில், இந்தச் சிவப்பில், மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போவது எவ்வளவு சுலபம், ஒரு சிட்டிகை போதும், யார் வேண்டுமானாலும் போகலாம், சிவப்பிலிருந்து திரும்பி மஞ்சளுக்கு, அத்தை தட்டை இறக்கித் தெருவில் ஊற்றத் திரும்புகிறாள், என் வகுப்பில் ஒரு நாள் ஒரு பிள்ளை மஞ்சள்தூள் சாயத்தில் கோடு இழுத்து, அது சோப்பு பட்டுச் சிவந்து, புளிப்பு மிட்டாய் எச்சில் பட்டு மறுபடி மஞ்சளானது கண்ணில் ஓடுகிறது, நான் அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்குகிறேன், பல்லால் கடிக்கிறேன், அத்தே நில்லு என்று தட்டுக்குள் பிழிகிறேன்.

சிவப்பு விலகியது, என் விரல் நின்ற இடத்திலிருந்து மஞ்சள் கிளம்பித் தட்டு முழுக்கப் பரவியது, பூசணிப் பூ மஞ்சள், அடி கூறுகெட்டவளே என்று அத்தை அலறினாள், நாதஸ்வரம் நின்றது, அவர் மாலை கசங்கத் தட்டின் மேல் குனிந்து, சாவி, சாவி என்றார், கண்ணில் தண்ணீர், பிறகு வேலை புத்தி போகாமல், ஆனா எலுமிச்ச எல்லார் வீட்டுலயும் இருக்குமேங்க என்றார், ஒரே ஒரு வீட்டுத் தோட்டத்துல மட்டும் காய்க்கிற எலுமிச்ச வேணும், அதுக்குத்தான் ஒங்க கணக்கு என்றேன், அவர் சிரித்தார், அவ்வளவு சத்தமாக ஒரு மாப்பிள்ளை வாசலில் நின்று சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை. அத்தை தட்டைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், எழுதப் படிக்கத் தெரியாதவள், என்னடி பண்ணுனீக, என்ன இது, எனக்கொண்ணும் வெளங்கலியே என்றாள், அப்போது அது வந்தது, என் வீட்டிலிருந்து என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறது போல, நாக்கின் நுனியில் வந்து நின்றது, ஒனக்குப் புரியாது அத்தே, எவ்வளவு சுலபம், ஒரு சிட்டிகை போதும். அதை வாசலுக்கு வெளியிலேயே விழுங்கினேன். வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன், அத்தையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன், மஞ்சத்தூளும் சுண்ணாம்பும் கொண்டா அத்தே, சொல்றேன் என்றேன், நடுக்கூடத்தில் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தோம், அத்தை தானே கரைத்தாள், தானே சிட்டிகை போட்டாள், தானே பிழிந்தாள், தட்டில் தண்ணீர் மஞ்சளாகி நின்றது, அட ஆமாடி என்றாள், இன்னொரு பழம் கொடு என்று கையை நீட்டினாள்.