கட்டைவிரலுக்குத் தெரிந்த சத்தம்

சமையலறைக் குழாயின் கைப்பிடியை நாத்தனார் முழங்கையால் தள்ளித் திறந்ததை அண்ணி பார்த்துவிட்டாள். போன மாதம் வரை வலது கட்டைவிரலை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் திறந்துகொண்டிருந்தவள் இப்போது முழங்கைக்கு வந்திருக்கிறாள். அப்படியானால் வலி குறையவில்லை, கூடியிருக்கிறது. நேற்றுகூடப் புதிய கனெக்டரைப் பற்றிக் கேட்டபோது, "பூ மாதிரி போகுது அண்ணி, சும்மா தொட்டாப் போதும்" என்று வாய் நிறையச் சொன்னாளே!

இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை. நாத்தனார் கீழ்த்தளத்தில் சர்க்யூட் போர்டுகளில் கனெக்டர் பொருத்துகிறாள். கனெக்டர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரு கொத்துக் கம்பிகளின் முனையில் இருக்கும் விரல் நக அளவுப் பிளாஸ்டிக் பெட்டி. போர்டில் விறைப்பாக நிற்கும் ஊசிகளின் மேல் அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு அழுத்தல். அந்தப் பெட்டியை மேல்மாடியில் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைகிறவள் அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதை வைத்து நாத்தனார் அவளை ஓட்டாத நாள் கிடையாது. "உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டைவிரல் இருந்திருந்தா இப்படியா அண்ணி வரைஞ்சிருக்கும்?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒருநாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் அண்ணனிடம் நீட்டினாள். அன்றைக்கு அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய கனெக்டர் வரையும் வேலை வந்தபோது அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டிக்குள் ஒவ்வொரு துளையிலும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. ஊசியை அது இறுக்கிப் பிடித்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் போகும். இறுக்கிப் பிடித்தாலோ அழுத்துகிறவளுக்கு விரல் போகும். நாக்கின் கனம், வளைவு, துளை வாயின் சரிவு, கடைசியில் பெட்டியைப் பூட்டும் சிறு மேட்டின் உயரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் கையில் விட்டாள். மின்சாரம் அறுபடக் கூடாது, பெட்டி தானாகக் கழன்று வரக் கூடாது, மற்றபடி அழுத்தும் விசையை எவ்வளவு குறைக்க முடியுமோ குறை என்று சொன்னாள். அது நாலு நாள் மூவாயிரத்துச் சொச்சம் வடிவங்களைப் போட்டுப் பார்த்து, விசையைச் சரிபாதியாக்கிக் கொடுத்தது. தலைமைப் பொறியாளரிடம் சொல்வதற்கு முன்னால் நாத்தனாரிடம்தான் ஓடிவந்து சொன்னாள்.

மாதிரிகள் கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. நாளைக்குப் பெட்டியை வார்க்கும் அச்சை வெட்ட உத்தரவு போடுகிறார்கள். எஃகில் வெட்டிவிட்டால் பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. நாத்தனாரின் விரல் இன்னும் பல வருஷத்துக்கு அந்தப் பெட்டியோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

அலுவலகம் போனதும் அண்ணி முதல் வேலையாகக் கருத்துத் தாள்களை எடுத்தாள். வரிசையில் வேலை செய்யும் பதினாறு பெண்களும் 'மிக நன்று' என்பதில் குறி போட்டிருந்தார்கள். ஒரே பச்சை மை. பதினாறு குறிகளும் வால் நீண்டு வலது பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டு மளிகைச் சீட்டில் வாரா வாரம் பார்க்கிற வால்தான்.

விறுவிறுவென்று கீழே இறங்கினாள். தூண் ஓரமாக நின்று கவனித்தாள். நாத்தனார் பெட்டியை வைத்து அழுத்தினாள். கை நின்றது. மறுபடி அழுத்தினாள். பிறகு கம்பியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் அழுத்தினாள். பக்கத்து மேசையிலும் அதே கதை. பாதி விசைதான், ஆனால் மூன்று தரம். அண்ணி காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெட்டியை எடுத்துத் தானும் அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போய்ச் சேர்ந்ததா, பாதியில் நிற்கிறதா? விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. பழைய பெட்டி கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். இயந்திர இரைச்சலில் காதுக்குக் கேட்காது, கட்டைவிரலுக்குக் கேட்கும். விசையைக் குறைக்கச் சொன்னாள் அல்லவா, கம்ப்யூட்டர் அந்தப் பூட்டு மேட்டைத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டு, பிடிமானத்தை வேறு இடத்தில் ஈடுகட்டியிருந்தது. சொன்னதைச் செய்யும் சமர்த்து அது. 'டக்' வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. எந்த வரைபடத்திலும் அப்படி ஒன்று குறிக்கப்பட்டதும் இல்லை.

"ஏண்டி சொல்லல?" என்றாள்.

நாத்தனார் தலை நிமிராமல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்காகத்தானே அண்ணி செஞ்சீங்க. மூஞ்சி அப்படிப் பூரிச்சுப்போய் வந்து நின்னீங்க. நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்காகப் பதினாறு தாள்லயும் நீயே டிக் போடுவியா?"

"அவங்க போட மாட்டேன்னுட்டாங்க."

பக்கத்து மேசைக்காரி குபீரென்று சிரித்துவிட்டாள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இந்தப் பைத்தியத்தை என்ன செய்வது! அந்த வீங்கிய விரலைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திவைத்துக்கொண்டாள்.

மேலே போய்த் தலைமைப் பொறியாளரிடம், "என் டிசைன் தப்பு சார். அச்சு வெட்ட வேண்டாம்" என்றாள். மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். போன வாரம் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டியவர் அவர்தான். கடைசியில், "பத்து நாள். அதுக்குள்ள வரலன்னா பழையதையே ஓட்டுவோம்" என்றார்.

விரலுக்கு 'டக்' என்று தெரிய, விசை ஏறி உச்சிக்குப் போனதும் எவ்வளவு சட்டென்று சரிய வேண்டும் என்பதையும் இப்போது கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு? அந்த எண்ணை யாரிடம் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டின் உயரம் மாறி மாறி வரும் ஒன்பது மாதிரிகளையும் ஒரு போர்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வலது விரலுக்கு ஓய்வு; இன்றைக்கு இடது. அண்ணன், "என்னம்மா, ரெண்டு பேரும் ஜோசியம் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, இருவரும் ஒரே குரலில் விரட்டவே செய்தித்தாளோடு உள்ளே போனான்.

"இது போகல."

"இது போச்சு, ஆனா விரல் செத்துடும்."

"இது போச்சா போகலயான்னே தெரியல. போன வாரத்துப் பாவியேதான்."

ஆறு மாதிரிகள் முடிந்தன. அண்ணி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஏழாவதை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை ஊசிகளின் மேல் வைத்துத் தடவிச் சரிபார்த்து, அழுத்தினாள்.

அவள் கம்பியை இழுத்துப் பார்க்கவில்லை. அண்ணி பேனாவோடு காத்திருந்தாள். நாத்தனார் பெட்டியை மெதுவாகக் கழற்றி மறுபடி ஊசிகளின் மேல் வைத்தாள். இந்த முறை இடது கையை மடியில் போட்டுவிட்டு, கண்ணைத் திறக்காமலே, வலது கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனாள்.