காயாத வட்டம்

கோமளம் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தால் இன்னும் நுனியில்தான் உட்காருவாள், பஸ் வந்ததும் எழுந்து போகப்போகிறவளைப் போல. "சாஞ்சு உக்காரேம்மா" என்று ஸ்ரீநாத் சொன்னால், "இருக்கட்டும்டா, இதுவே சௌகர்யமாத்தான் இருக்கு" என்பாள். பெற்ற தாய் தன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதை எந்தப் பிள்ளையால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அப்பா போன பிறகு மயிலாப்பூர் வீட்டை இடிக்கக் கொடுத்தார்கள். அங்கிருந்த மரச்சாமான்களில் அவன் எடுத்துவந்தது, அம்மாவும் அப்பாவும் படுத்த கட்டிலின் தலைமாட்டுப் பலகையை மட்டும்தான். நல்ல தேக்கு. முழுக் கட்டிலுக்கும் அடையாறு ஃபிளாட்டில் ஏது இடம்? அந்தப் பலகையையே சாய்மானமாக வைத்து அம்மாவுக்கு ஒரு பெஞ்சு செய்துவிடுவதென்று கிளம்பினான். ஐயா தரமணியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர். சுவரில் ஆணி அடிக்கப்போனால் விரலில் அடித்துக்கொண்டு வருகிற ரகம். இருந்தும் விடுமுறை நாளெல்லாம் பால்கனியை மரத்தூளாக்கி, எப்படியோ நாலு காலில் நிற்கிற ஒன்றைச் செய்து முடித்தான்.

"ஆடாம நிக்கறதே! நீங்க பண்ணினதுதானா?" என்றாள் அவன் மனைவி ஸ்நேஹா.

பாலிஷ்தான் பாக்கி. பிரஷ் தேவையில்லாத பி.யூ. பாலிஷ், துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்துக்கொண்டே போனால் போதும். துணிக்கு அப்பாவின் பழைய வேஷ்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த அது, ஒரு இழைகூட உதிர்க்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் அடித்துச் சொன்னார். பாவம், அவர் அடையாறின் ஈரக்காற்றில் துணி காயப்போட்டதில்லை.

முதல் பூச்சு காய ஒரு முழு நாள் ஆயிற்று. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி பூசினான். தேக்கின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. எல்லா இடமும் வழவழவென்று காய்ந்தது. சாய்மானத்தின் நடுவில், மேலாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் மசியவில்லை. அங்கே பாலிஷ் பரவாமல் விலகி விலகி ஓடியது. ஒட்டிய கொஞ்சமும் காயாமல், தொட்டால் விரலைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு பூச்சு கொடுத்தும் அதே கதை. பாட்டிலைத் திட்டினான், விற்ற கடைக்காரரைத் திட்டினான், சென்னைக் காற்றைத் திட்டினான்.

கடைசியில் அந்த வீடியோ வெள்ளைக்காரரிடமே போய் நின்றான். மரத்தில் எண்ணெய் இறங்கியிருந்தால் இப்படித்தான் ஆகும், தின்னர் போட்டுத் துடைத்து, மரம் தெரியும்வரை தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பூசு என்றார் அவர். கட்டிலில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று முனகிக்கொண்டே ஸ்ரீநாத் துணியில் தின்னரை ஊற்றினான்.

அந்த நேரம் பார்த்து அவனுக்குக் காபியோடு கோமளம் பால்கனிக்கு வந்தாள்.

"என்னடா அது, வட்டமா?"

"ஏதோ எண்ணெய்க் கறைம்மா. இப்ப எடுத்துடறேன்."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "உங்கப்பா தலைடா அது" என்றாள்.

ஸ்ரீநாத்தின் கை நின்றுவிட்டது. மயிலாப்பூர் வீட்டுச் சனிக்கிழமை காலை. மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வழிய வழியத் தலையில் தேய்த்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து பேப்பர் படிப்பார் அப்பா பத்ரிநாராயணன். அம்மா கத்திக்கொண்டே வந்து பலகைமேல் ஒரு துண்டைப் போடுவாள். அப்பா துண்டைத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் சாய்ந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வாரம் தவறாத சண்டை. வீடு முழுக்க எண்ணெயும் சீயக்காயும் மணக்கும். அந்த வாசனை இப்போது எங்கும் இல்லை என்பது அவனுக்குச் சட்டென்று உறைத்தது.

"எத்தனை சோப்பு போட்டுத் தேச்சிருப்பேன் தெரியுமோ? போனாத்தானே!" என்றாள் கோமளம்.

"எடுக்கலேன்னா இது காயவே காயாதும்மா. எடுத்தா..." தின்னர் துணியைக் கீழே வைத்தான். "நீயே சொல்லு."

கோமளம் காபி டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். "அம்மா, ஈரம்!" என்று அவன் பதறுவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நன்றாகப் பின்னால் நகர்ந்து, முதுகைச் சாய்த்து, அந்த வட்டத்தில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நரைமுடி கொத்தாகப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீநாத் தின்னர் துணியோடு ஓடிவந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பாத்தியாடா? இன்னும் என்னை எழுந்து போக விடமாட்டேங்கறார்."

மறுபடி சாய்ந்துகொண்டாள்.

"அந்தக் காபியை இப்படிக் குடு. நீ வேற போட்டுக்கோ."