லச்சியின் மஞ்சள் பழுப்பு மப்ளர்

பக்கத்து ஊரில் ஒரு பிள்ளையைச் சிறுத்தை தூக்கிப்போன பிறகு தேவேஸ்வரி தன் மகளைக் கண் மறைய விட்டதில்லை. இமயத்துப் பௌரி மலையில் பொழுது சாயும் முன்பே எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொண்டன. அந்த மிருகத்தின் பெயரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அது’ என்பார்கள், அவ்வளவுதான்.

மகள் லச்சிக்கு ஆறு வயது. குளிர் இறங்கியதிலிருந்து ஓயாத இருமல். பள்ளிக்குப் போகையில் கழுத்தைச் சுற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். கணவன் டில்லியில் ஓட்டல் வேலையில் இருந்தான். அவன் அனுப்புவது அரிசிக்கும் மருந்துக்குமே சரியாகப் போனது. கடைக் கம்பளி நூலுக்கு எங்கே போவது? அவனுடைய முழங்கை கிழிந்த பழுப்பு ஸ்வெட்டரைப் பிரித்தாள். சுருள் சுருளாக வந்த நூலை அலசி, சுருக்கம் போக ஈரத்தோடு தொங்கவிட்டாள். மகளுக்குச் சிறிதாகிப்போன மஞ்சள் குல்லாய் ஒன்றையும் பிரித்தாள். பழுப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை. எல்லா வரிசையும் ஒரே பின்னல். கண் பார்க்காமலே கை போட்டுவிடும். அது நல்லதாயிற்று. அவள் கண்களுக்குக் காட்டோரத்தில் வேலை இருந்தது.

அன்று மத்தியானம் முற்றத்து வெயிலில் பின்னிக்கொண்டிருந்தாள். லச்சி நூலுருண்டையை மடியில் வைத்துக்கொண்டு நூல் விட்டாள்.

“மஞ்சளை அகலமா போடும்மா. பழுப்பு அசிங்கமா இருக்கு.”

“அப்பாவக் கழுத்துல கட்டிக்கிட்டுப் போறதா நெனச்சுக்கோ. மஞ்சள் இருக்கிறதே உன் தலையளவுதான்டி.”

அடுப்பில் பருப்பு பொங்கும் வாசம் வரவே, உள்ளே எட்டிப் பார்த்தாள். அதற்குள் உருண்டை நழுவி, முற்றத்து விளிம்பைத் தாண்டிக் கீழ்வயலில் விழுந்தது. லச்சி கல்படியில் இறங்கிவிட்டாள். சுவர் மறைத்தது. தேவேஸ்வரியின் விரலில் நூல் மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுபட்டது.

காட்டோர மரத்தில் மந்திகள் கத்தின. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, குரைக்காமல், வாலை ஒடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று.

நூல் அசையாமல் நின்றது.

கூப்பிட்டாள். பதில் இல்லை. ஊசிகளைப் பிடித்தபடியே விளிம்புக்கு ஓடினாள். கீழே மகள் குனிந்து, அறுத்த கேழ்வரகுத் தாளில் சிக்கிய நூலை விடுவித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், மறு வரப்பில், அது தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. வால் நுனி மட்டும் அசைந்தது.

கத்தினால் பிள்ளை மிரண்டு ஓடும். ஓடினால் அது பாயும்.

“லச்சி, நூலை விடு. எந்திரிச்சு நில்லு. என்னையே பாரு.”

“சிக்கிருச்சும்மா.”

“இருக்கட்டும். நேரா நில்லு. அம்மா வரேன். திரும்பாத.”

படியில் இறங்கினாள். அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அதுவும் எடுக்கவில்லை. மகளை அள்ளி மார்போடு அழுத்திக்கொண்ட பிறகுதான் நெஞ்சைப் பிளந்துகொண்டு கூச்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பிசம்பரி சித்தி தகரத்தை அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே வேறு பெண்கள் அரிவாளோடு வந்தார்கள். அது எழுந்து, அவசரமே இல்லாமல், புதருக்குள் போயிற்று.

லச்சி அதைப் பார்க்கவே இல்லை. அம்மா நடுங்குவதைப் பார்த்துத்தான் அழுதாள்.

ஊசியிலிருந்து பாதிக் கண்ணிகள் கழன்றிருந்தன. தேவேஸ்வரி பின்னலை மூலையில் போட்டுவிட்டாள். கண்ணை மூடினால் அந்த வால் அசைந்தது. கடைசியில் சித்தி வந்து, கழன்ற கண்ணிகளை ஊசியில் கோத்துக் கையில் கொடுத்தாள்.

“பயந்தா பயந்துக்கிட்டே போடுடி. குளிரு நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?”

போட்டாள். அந்த இடத்துப் பட்டைகள் இறுகிக் குறுகிப் போயின.

வனத்துறை வைத்த கூண்டில் ஒரு சிறுத்தை சிக்கியது. இதுதான் அது என்றார்கள். தேவேஸ்வரியும் போய்ப் பார்த்தாள், வயலில் கண்டது இதுதானா என்று அவளுக்கு உறுதிப்படவில்லை. மறுநாள் மகளுக்கு மப்ளரைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தானே பள்ளிக்குக் கூட்டிப்போனாள். முன்னால் சித்தி, நடுவில் ஊர்ப் பிள்ளைகள், பின்னால் அவள். வழியில் சருகு சரசரத்தது. எல்லாரும் நின்றார்கள். ஒரு காட்டுக்கோழி குறுக்கே ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தாள். தேவேஸ்வரி லச்சியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.