அட்டையில் வெட்டிய நாடு

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே டைல்ஸ்காரனுக்கு ஒரு சோர்வு தட்டிவிடும். ஊருக்கெல்லாம் அது ஓய்வு நாள். இவனுக்கோ, வாரம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டிய முட்டிகளை நீட்டிப்போட்டுக்கொண்டு, பெற்ற பிள்ளைகள் இரண்டையும் போன் முன்னால் பிடித்து உட்கார வைக்கும் நாள். மனைவி வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் ஞாயிறு மத்தியானம்தான் அவள் கையில் போனைக் கொடுப்பார்கள்.

"சாப்டியாடா கண்ணு?"

"சாப்டேன்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

அத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். ஒன்பது வயதுப் பெரியவள் நகத்தைக் கடிப்பாள். ஐந்து வயதுச் சின்னவன் நழுவி நழுவிப் படத்தைவிட்டே வெளியே போய்விடுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மா விமானம் ஏறியபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அம்மா என்பது ஒரு முகம், முகத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். ஒருநாள் போனை வைத்ததும் மெல்ல வந்து கேட்டான்.

"அப்பா, அம்மாவுக்குக் கால் இருக்கா?"

டைல்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் வேலையில் அதை நினைத்துக்கொண்டபோது சிரிப்பு வரவில்லை. ஒட்டிய டைல்ஸ் கோணலாகப் போய், மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த வாரமே இவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலை நடந்த வீட்டில் இறக்கிய டைல்ஸ் பெட்டிகள் அவள் இருக்கிற நாட்டில் செய்தவை. அட்டையின் மேல் அந்த ஊரையே படம் போட்டிருந்தார்கள்: வானத்தைக் குத்தும் கோபுரங்கள், கடல், கடலின் மேல் நீளமான ஒரு பாலம். காலிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"இது என்னப்பா?"

"உங்கம்மா இருக்கற ஊரு. வாங்க, கட்டலாம்."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. டைல்ஸ் வெட்டுகிற கையால் அட்டை வெட்டினான். கோபுரம் எழுந்தது. வேலையிடத்து மணலைப் பழைய பேசினில் கொட்டிக் கடற்கரை ஆக்கினார்கள். அந்த ஊரில் வண்டியெல்லாம் வலது பக்கம் போகும் என்று மேஸ்திரி சொல்லப்போக, வீட்டுக்குள் எல்லோரும் வலது ஓரமாகத்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மீறினால் சின்னவன் விசில் ஊதுவான். தண்டனை, அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது. களைத்துப்போய் வந்து எந்த ஓரம் என்று தெரியாமல் கால் வைக்கும் அப்பன்தான் தினமும் மாட்டுவான். நின்றுபோன கடிகாரம் ஒன்றைத் தட்டி ஓட வைத்து அம்மா ஊர் நேரம் காட்டச் சுவரில் மாட்டினார்கள். "இப்ப அம்மா தூங்கறா, சத்தம் போடாதே" என்று பெரியவள் தம்பியை அதட்டுவாள்.

இவ்வளவும் வேலை முடிந்து வந்து, உலை வைத்து, துணி துவைத்து, இடுப்பு ஒடிந்த பிறகு நடக்கிற கூத்து. சில நாள் கையில் கத்தரிக்கோலோடு அப்படியே கண் செருகிவிடும். "அப்பா, பாலம் பாதியில நிக்குது" என்று உலுக்கி எழுப்புவார்கள். பெற்றவளும் இருந்தால் ஆளுக்குப் பாதி சுமக்கலாம் என்று தோன்றும். தோன்றியதை வாய்விட்டுச் சொல்லும் ஆள் இல்லை இவன்.

ஆனால் பலன் கைமேல் கிடைத்தது. ஞாயிறு வந்தால் பிள்ளைகள் போனுக்கு அடித்துக்கொண்டார்கள்.

"அம்மா, நீ அந்தக் கோபுரத்துல ஏறினியா?"

அவள் ஒரு நொடி முழித்தாள். "ம்... ஏறினேனே."

"மேலேருந்து பாத்தா எப்படி இருந்துச்சு?"

"மனுஷங்கல்லாம் எறும்பு மாதிரி இருந்தாங்க."

"கடல்ல குளிச்சியா?"

"குளிச்சேன் கண்ணு. உப்புத் தண்ணி, கண்ணெல்லாம் எரிஞ்சுது."

"வெளிய போய்க் காட்டும்மா!"

"வெயில்டா. போன் சூடாயிடும்."

டைல்ஸ்காரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே வேறொன்றும் நடந்தது. தான் வெட்டிய அட்டையைத் தானே நம்பத் தொடங்கினான். கோபுரமும் கடலும் பார்த்துக்கொண்டு இருக்கிறவள், ஓதம் ஏறிய இந்த ரெண்டு அறைக்குத் திரும்பி வருவாளா?

இதுதான் இப்போது தலைபோகிற விஷயம். இரண்டு வருஷ ஒப்பந்தம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாளா, ஊர் திரும்புகிறாளா என்று இந்த மாதக் கடைசிக்குள் அந்த வீட்டாரிடம் அவள் சொல்லியாக வேண்டும்.

"என்னங்க சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றான் இவன்.

மறுவாரமும் கேட்டாள். மறுவாரமும் அதே பதில். அது மனைவிக்குக் கொடுக்கும் மரியாதை என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான். தட்டிக் கழிப்பதற்கு அதைவிட வசதியான வார்த்தை கிடையாது என்பது மண்டையில் உறைக்கவில்லை. வா என்று கூப்பிட்டு, அவள் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டால்? அந்தப் பயம் ஒரு பக்கம். நாலு வருஷம் தனியாகச் சுமந்த அலுப்பு இன்னொரு பக்கம். ஆசைப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

மாதக் கடைசி நெருங்கிய வாரத்தில், புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் அவளிடமிருந்து போன். இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறு தவிர அவள் கூப்பிட்டதே இல்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. வேலை பாக்கற வீட்டுப் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். உள்ளே பாத்திட்டிருக்காங்க, போன் என் கையில இருக்கு. முதல்ல அந்த விளையாட்டை நிறுத்துங்க."

"எந்த விளையாட்டு?"

"கோபுரமும் கடலும். பாலத்துல எத்தனை தூணுன்னு கேக்கறா பெரியவ. நான் எங்க போய் எண்ணுவேன்? இங்க ஒரு பாலம் இருக்குன்னே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்!"

இவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் வந்து இறங்கினது ராத்திரி. கார்க் கண்ணாடியெல்லாம் கறுப்பு. நேரா அந்த வீட்டு கேட்டுக்குள்ள வந்துதான் நின்னுச்சு. அதுக்கப்புறம் இந்த ஆஸ்பத்திரியை விட்டா வேற எதையும் பாத்ததில்லை. துணி காயப்போட மாடிக்குப் போவேன். சுத்தி ஆள் உயரத்துக்குச் சுவர். வானம் மட்டும் தெரியும். அது நம்ம வானம் மாதிரியேதான் இருக்கு."

"அப்ப ஏன் ஏறினேன், குளிச்சேன்னு..."

"புள்ளைங்க இப்பதாங்க எங்கிட்ட பேசுதுங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது? ஆனா பொய் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். சனிக்கிழமை ராத்திரியே பதிலை யோசிச்சு வெக்கறேன், நாளைக்கு என்ன கேப்பாங்களோன்னு."

டைல்ஸ்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ தொழில்தான்.

"உன் ரூம்ல என்ன டைல்ஸ்?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

"வெள்ளை. ரெண்டடி டைல்ஸ். நீளத்துக்கு நாலு, அகலத்துக்கு மூணு. துவைக்கற மெஷினும் அதுக்குள்ளதான் நிக்குது. அது போக மிச்சம் எனக்கு. வாசப்படி பக்கத்துல ஒண்ணு, தட்டினா டொக்கு டொக்குங்குது. கலவையை ஒழுங்காப் போடல போலிருக்கு."

"ஜன்னல்?"

"இல்ல. சரி, கூப்பிடறாங்க, வெச்சுடறேன்."

எட்டுக்கு ஆறு. இவன் கணக்குப் போடவே வேண்டியதில்லை. அந்த அளவில் எத்தனையோ வீட்டில் ஒட்டியிருக்கிறான், சாமான் போடும் அறை என்று சொல்வார்கள். மிச்சச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அந்த வெளிநாட்டு வீட்டில் கலவையைச் சரியாகப் போடாமல் போன முகம் தெரியாத டைல்ஸ்காரன்மேல் பொழுதெல்லாம் ஆத்திரப்பட்டான். தன்மேல் ஆத்திரப்படுவதைவிட அது சுலபமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. சனிக்கிழமை ராத்திரி வெகுநேரம்வரை வேலை வாங்கியிருந்தார்கள். உடம்பு அடித்துப் போட்டது போல் இருந்தது. பிள்ளைகளா விடுவார்கள்?

"இன்னிக்கு என்னப்பா கட்டறோம்? ஏர்போர்ட்டு?"

"ஏர்போர்ட்டு வேணாம். இன்னிக்கு அம்மா ரூம்பு."

பெரிதாகத் திட்டம் எதுவும் போடவில்லை. அட்டை வெட்டத் தெம்பில்லை, சாக்பீஸ் இருந்தது. அதோடு, இனிமேல் பாலத்துத் தூணைக் கேட்டு அவளைப் பிடுங்க மாட்டார்கள் என்று ஓர் எண்ணம். கூடத்துத் தரையில் நூல் பிடித்துக் கோடு போட்டான். ரெண்டடிக் கட்டமாக நீளம் நாலு, அகலம் மூணு. மூலையில் தண்ணீர் டிரம்மை நகர்த்தி வைத்து, "இது மெஷின்" என்றான். மிச்சத்தில் ஒரு பாயை விரித்தான். பாயின் ஓரம் டிரம்மில் இடித்து மடங்கிக்கொண்டது.

பெரியவள் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஜன்னல் எங்கப்பா?"

"கிடையாது."

"அப்ப கோபுரத்தை எங்கேருந்து பாப்பா?"

"அது... வேற பக்கம் இருக்கு."

அவள் குனிந்து பாயின் மடங்கிய ஓரத்தை நீவிவிட்டாள். சின்னவனுக்கு மட்டும் ஒரே குஷி. பாயில் குதித்து, "நான்தான் அம்மா!" என்றான். விளையாட்டு என்றால் சட்டம் வேண்டும் அல்லவா? அதை அவனே போட்டான்.

"அப்பா கூப்பிட்டாத்தான் வெளிய வரணும். கூப்பிடலேன்னா வரக் கூடாது. சரியா?"

"சரிடா ராசா."

பெரியவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். டைல்ஸ்காரன் சுவரில் சாய்ந்தான். ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறக்கலாம் என்றுதான் நினைத்தான். பாழாய்ப்போன தூக்கம் ஆளை அப்படியே அமுக்கிவிட்டது.

போன் அலறியதில்தான் விழித்தான். நேரம் எவ்வளவு போயிற்று என்று புரியவில்லை. பெரியவள் கதவருகே குடத்தோடு இப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தாள்.

சின்னவன் கோட்டுக்குள்ளேயே இருந்தான். முட்டியை இறுகக் கட்டிக்கொண்டு, கோட்டைத் தொடாமல் குறுகி உட்கார்ந்திருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. பாயைத் தாண்டி ஈரம் ஓடிச் சாக்பீஸ் கோட்டை ஓரிடத்தில் அழித்திருந்தது. கன்னமும் ஈரம்.

"டேய், பாத்ரூம் போக வேண்டியதுதானே? ஏன்டா இங்கயே உக்காந்திருக்க?"

"நீ கூப்பிடவே இல்லையே!" என்று ஓவென்று அழுதான்.

பெரியவள்தான் போனை எடுத்தாள். முகம் வந்தது, முகத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்.

"ஏன் அழறான்? என்னாச்சு? தம்பிகிட்ட குடு!"

சின்னவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைப் பார்த்தான். முன்னெல்லாம் நழுவிப் போகிறவன், இப்போது முகத்தைக் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"அம்மா, நான் உன் ரூம்புல இருந்தேன். அப்பா கூப்பிட்டாத்தான் வெளிய வரலாம். அப்பா கூப்பிடவே இல்ல. தூங்கிட்டாரு."

போனில் அவள் முகமும் கிட்டே வந்தது.

"உன்னையும் அப்பா கூப்பிடலையாம்மா?"

அவள் வாய் திறந்தது. பிள்ளைகளுக்காகக் கோபுரம் ஏறியவள், கடலில் குளித்தவள், இதற்கு மட்டும் ஒரு பொய் கிடைக்காமல் தவித்தாள். பெரியவள் போனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

டைல்ஸ்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கால் மரத்துப் போயிருந்தது. கோட்டுக்குள் போய் ஈரக் கால்சட்டையோடு சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். போனை வாங்கினான்.

"இங்க பாரு..." என்றான். "எனக்கு முடியல. நீ வந்துடு..."

பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருப்பதை, முதல் கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும் என்பதை, எல்லாவற்றையும் சொல்ல இருந்தான். அவள் அவனைப் பேசவே விடவில்லை.

"சரி" என்றாள். "இப்பவே போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன். போனை வெச்சுடாதீங்க."