வெறும் கரித்தூள்

“விதைய வெயில்ல காயவச்சிருப்பாங்கன்னு நீதானே சொன்ன? இப்ப என்ன புதுசா?”

அண்ணன் தலை நிமிரவில்லை. பொட்டலங்களின் வாயைச் சூட்டுக்கம்பியில் ஒட்டிக்கொண்டே பேசினான்.

“தப்பா சொல்லிட்டேன்,” என்ற தங்கை இரண்டு கண்ணாடித் தட்டுகளை அவன் முன்னால் வைத்தாள். ஒன்றில் பால்துளிகளாக நுண்ணுயிர்க் கூட்டம். மற்றொன்று துடைத்துவிட்டதுபோல் இருந்தது. “இது நான் ஊர்ல இல்லாதப்ப போன சரக்குல எடுத்தது. அஞ்சு நாளாச்சு, ஒரு புள்ளிகூட வரல.”

“தூங்குதுங்களோ என்னவோ. கிருமி டாக்டருக்குத் தெரியாததா?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

கரித்தூளில் நுண்ணுயிர்களைக் கலந்து விற்கும் சின்னத் தொழிற்கூடம் அது. விதையோடு பிசறி விதைத்தால் அவை வேரில் கடுகளவு முடிச்சுகளில் குடியேறி, காற்றிலுள்ள சத்தைச் செடிக்கு ஊட்டும். வளர்ப்பவள் அவள், விற்பவன் அவன். அவள் கையெழுத்தில்லாத பொட்டலம் வாசல் தாண்டாது. மாமியாரின் அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் போக வேண்டியிருந்தபோது, வேலை நிற்க வேண்டாமே என்று இருநூறு லேபிள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். கூடப்பிறந்தவன்தானே.

போன வாரம் பீன்ஸ் பயிரிடும் அம்மாள் ஒரு மஞ்சளித்த செடியை வேரோடு கொண்டுவந்தார். ஒரு முடிச்சுகூட இல்லாமல் வேர் மொட்டையாக இருந்தது. “பிசறின விதைய நிழல்ல உலர்த்தணும், வெயில் பட்டா கிருமி செத்துடும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா,” என்று எரிந்து விழுந்தாள். “மருமகதான் காயவச்சா, அவளைக் கேக்கறேன்,” என்று அந்த அம்மாள் முகம் சுண்டிப் போனார். அதன் பிறகுதான், அந்தச் சரக்கில் மாதிரிக்கென்று எடுத்துவைத்த பொட்டலத்தைப் பிரித்துச் சோதித்தாள்.

அண்ணன் சூட்டுக்கம்பியை அணைத்தான். “வளர்க்குற மெஷின் நின்னுபோச்சு. ஆர்டர் தலைக்கு மேல இருந்துச்சு. வெறும் கரியப் போட்டு அனுப்பிட்டேன். கரி மண்ணுக்கு நல்லதுதானே?”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“பண்ணா நீ விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டாள். அது தெரிந்தேதான் செய்திருக்கிறான்.

“அவங்கள நான் திட்டும்போது நீ பக்கத்துலதான் நின்ன. ஆமா ஆமான்னு தலையாட்டின.”

அவன் ஒட்டிய பொட்டலங்களை அடுக்க ஆரம்பித்தான். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினான்.

“சாயங்காலம் அந்தம்மாவ மருமகளைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்,” என்றாள். “வெயில் இல்ல, நான்தான்னு அந்தப் பொண்ணுகிட்ட உன் வாயால சொல்லுண்ணா.”